கெசையா கப்பலேறும் வழி

விக்கர்ஃபீல்ட், சஃபோக்
1830 மார்ச் 9

அன்புள்ள ஜேபஸ்,

நீ சிட்னியில் உயிரோடு இறங்கிவிட்டாய். உன் கப்பலில் பாய்மரத் துணி தைக்கும் எட்வின் ரஸ்ட், ஊர் திரும்பியதும் ஞாயிறன்று வீட்டுக்கு வந்து சொன்னான். "உன் புருஷன் எடை கூடித்தான் இறங்கினான் தாயி. கைதிச் சாப்பாடு ஒத்துக்கிச்சு."

ஒரு ஜோடி பூட்ஸ் திருடியதற்கு ஏழு வருஷ நாடுகடத்தல். தண்டனை முடிந்தாலும் திரும்பிவர உனக்கு வழி இருக்காது. அதனால் நான் வருகிறேன். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். அவள் காலம் முடிந்ததும் நானும் எதையாவது திருடுவேன். அரசாங்கமே என்னையும் கைதியாக அங்கே ஏற்றி அனுப்பும். நம் ஊர் லெட்டிஸும் நாடுகடத்தப்பட்ட புருஷனைத் தேடி அப்படித்தான் போனாள். எதைத் திருடலாம் என்று ரஸ்ட்டிடமே கேட்டேன். "ஆட்டை மட்டும் தொட்டுடாதே. தூக்குல போட்டுருவாங்க" என்றான்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். உனக்கு எழுதச் சோம்பல் என்று தெரியும். இதற்காவது பதில் எழுது.

உன் கெசையா


பாரமட்டா, சிட்னி அருகே
1830 செப்டம்பர் 2

அன்புள்ள கெசையா,

திருடாதே. மற்றதெல்லாம் பிறகு.

இங்கே பெண் கைதிகளைத் தனியாக அடைத்துவைத்து, கேட்கிற பண்ணைக்கு அனுப்பிவிடுகிறார்கள். லெட்டிஸ் இருப்பது ஒரு மூலை, அவள் புருஷன் இருப்பது இன்னொரு மூலை. வந்த நாளிலிருந்து ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

நல்ல பெயர் எடுத்த கைதி, மனைவியை அரசுச் செலவில் வரவழைத்துக்கொள்ளலாம். என் எஜமான் கிரிம்வுட் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதுவும் இதே கப்பலில் லண்டன் வருகிறது. நீ கைதியாக இல்லாமல் வந்து இறங்கினால், என்னை உனக்கே வேலைக்காரனாகக் கொடுப்பார்கள். கிரிம்வுட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உன் பொண்டாட்டி கண்டிப்பானவளாடா? நீ ஒழுங்கா வேலை செய்யலேன்னா அவளே கோர்ட்டுல சொல்லிக் கசையடி வாங்கிக் கொடுக்கலாம்."

"அவ அடிச்சா வலிக்காதுங்க."

"அடிக்கப்போறது அவ இல்லடா, கோர்ட்டு ஆளு."

உன் நடத்தை நல்லது என்று பாதிரியார் ஒரு வரி எழுத வேண்டும். அது போதும். காலுறை ஜோடியில் ஒற்றைதான் வந்து சேர்ந்தது.

உன் ஜேபஸ்


மாவட்டச் சிறை
1831 மார்ச் 21

அன்புள்ள ஜேபஸ்,

உன் கடிதமும், நான் வர அனுமதிக்கும் லண்டன் உத்தரவும் வெள்ளிக்கிழமை வந்தன. பாதிரியார் தர்லோதான் கொண்டுவந்தார். அதற்கு முந்தின வாரமே என்னைப் பிடித்துவிட்டார்கள்.

அம்மா ஜனவரியில் போய்விட்டாள். முதலில் ஜவுளிக்கடை ஸ்பால்டிங் கண்ணெதிரே ஒரு சால்வையை எடுத்தேன். "அம்மா போன துக்கம். வெச்சுக்கம்மா" என்றார். வழக்குப் போடுங்கள் என்று கெஞ்சினேன். "வழக்குன்னா நான்தானே கடையை மூடிட்டு அலையணும்? வீட்டுக்குப் போ" என்றார்.

மாவு ஆலைக்காரர் கூச் அப்படி விடுபவர் அல்ல. நட்டநடுப் பகலில் அவர் மாவு மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்தேன். பின்னாலேயே வந்து பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

பாதிரியார் நடத்தை வரி எழுத வேண்டிய லண்டன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உன் நடத்தை நல்லதுன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?"

"ஆறு வருஷமா உங்க கோயில் தரையைத் துடைச்சிருக்கேன். அதை எழுதுங்க."

"ஜெயில்ல நின்னுக்கிட்டு கேக்குறியே."

"வெளிய இருந்தப்ப எனக்கு இந்தத் தாள் வரலியே, ஐயா."

அவருக்குச் சிரிப்பு வந்ததை இருமி மறைத்தார்.

நேற்று கூச்சின் மனைவி வந்தாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கசையடி வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரு கோவம் இன்னும் அடங்கலடி. ஆனா மாவு கொட்டாம சிந்தாம திரும்பி வந்துச்சு. அதைச் சொல்லிப் பாக்குறேன்" என்றாள். அவள் பேசினால் அவர் கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். நீ எஜமானிக்கு ஒரு நாற்காலி செய்யத் தொடங்கலாம்.

வழக்கு ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை வருகிறது. கூச் சாட்சி சொல்லாவிட்டால் எனக்கு விடுதலை. சொன்னால் கைதியாக வருவேன், அல்லது வராமல் இங்கேயே சிறை வேலையாகப் பழங்கயிறு பிரித்துக்கொண்டிருப்பேன். அதுவரை பாதிரியார் தாளில் கையெழுத்துப் போடமாட்டாராம். கைதிகளின் மனைவிகளை ஏற்றும் கப்பல் மே மாதக் கடைசியில் புறப்படுகிறது.

உன் கெசையா