கொடியில் காய்ந்த பால்வீதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், துவைக்கிற மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், நம்புவதற்குச் செலவில்லை பார்.

போன மாதம் உன் அப்பாவிடம் போனில், இங்க தெருவிளக்கு வெளிச்சத்துல ஒரு நட்சத்திரம்கூட தெரியலப்பா என்று அங்கலாய்த்தாயாமே, ரொம்ப நல்ல காரியம் செய்தாய். நீ சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய், இங்கே மனுஷனுக்குச் சாமி வந்துவிட்டது. என் பொண்ணுக்கு வானத்தையே படம் பிடிச்சு அனுப்பறேன் என்று நீ விட்டுப்போன பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்தார். நட்சத்திரம் நகருவதைப் பிடிக்க வேண்டுமென்றால் கேமராவைக் கையால் தொடாமல் விட்டு விட்டுப் படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், அதற்கு ஒரு டைமர் வேண்டுமாம். கடையில்தான் விற்கிறதே, வாங்குங்களேன் என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். காலம் பூரா லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன்டி நான், அத்தனை பெரிய பெட்டியை மாடி மாடியா சரியா நிறுத்தத் தெரிஞ்சவனுக்கு ஒரு பட்டனை அமுக்க வைக்கத் தெரியாதா என்று குதித்தார்.

நான் பல் டாக்டரிடம் போய்விட்டு வீங்கின கன்னத்தோடு திரும்பி வருகிறேன், மெஷின் மூடியைக் கழற்றிப் போட்டுக் குடலை உருவிக்கொண்டிருக்கிறார். துணி இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் சுற்றுமல்லவா, அதை மாற்றி மாற்றி விடுவது நாம் முறுக்கிவிடுகிற திருகுக்குள் இருக்கிற டைமராம். அது ஒவ்வொரு தடவை மாறும்போதும் கேமரா ஒரு படம் எடுக்கிற மாதிரி வயர் கொடுத்து ஒரு ஷூ பாலிஷ் டப்பாவில் அடைத்துவிட்டார். வயர் ஏது என்று கேட்கிறாயா, நான் பாட்டுக் கேட்கிற இயர்போன்தான், வேறென்ன. கால் மணிக்கொரு தரம் திருகு ஓய்ந்துவிடும், மறுபடி முறுக்க வேண்டும், அதனால் தானாக வேலை செய்கிற அந்தக் கருவிக்குப் பக்கத்திலேயே இவர் ராத்திரி மொட்டைமாடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுநேரமும் வேலை செய்கிறார். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று கீழ்வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன், அவள் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

மெஷின் போனதால் துணியெல்லாம் என் கையால்தான். பெரிய போர்வையைப் பிழிய எனக்குத் தெம்பு ஏது, சொட்டச் சொட்ட மொட்டைமாடிக் கொடியில் போட்டேன், ராத்திரியும் காயவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் உன் அப்பா குழந்தை மாதிரி ஓடிவந்து கேமராவை நீட்டினார். பாருடி, பால்வீதி, எவ்வளவு பெருசா விழுந்திருக்கு பாரு என்றார். பார்த்தேன். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு பட்டை. அதன் ஓரத்தில் இரண்டு துணி க்ளிப். மூலையில் தையல்காரி போட்டுக்கொடுத்த நீல ஒட்டு.

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே படத்தை மறுபடி பார்த்தேன், சிரிப்பு பாதியில் நின்றது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவ்வளவு பெரிய போர்வை தொங்கியிருக்கிறது, அது அவருக்கு இருட்டிலும் தெரியவில்லை, காலை வெளிச்சத்தில் படத்திலும் தெரியவில்லை. மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவதும், மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்வதும் எதனால் என்று அப்போதுதான் உறைத்தது. நான் அதைச் சோம்பேறித்தனம் என்றல்லவா ஏசிக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் இல்லை. ஏங்க, அது நம்ம போர்வைங்க, கண்ணைக் காட்டிட்டு வரலாம் வாங்க என்று சொன்னேன். நிஜமாகவே பயந்துபோய்த்தான் சொன்னேன். உனக்கு எப்பவும் நக்கல்தான் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இந்த வாயால் இத்தனை வருஷம் பேசினதற்குக் கைமேல் பலன், உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை.

அந்தப் படத்தை உனக்கு அனுப்பப் போகிறார். நீ வழக்கம்போல் அரைத்தூக்கத்தில் சூப்பர்ப்பா என்று ஒரு வார்த்தை போட்டுவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். போட்டால் அவ்வளவுதான், பிறகு அவரைக் கண் டாக்டரிடம் யாராலும் இழுத்துப்போக முடியாது. நீயே கூப்பிட்டு, அப்பா அது போர்வைப்பா என்று சொல்லு. நீ சொன்னால் நம்புவார். மனசு ஒடிந்துபோகும், தெரியும், போகட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கண் சரியான பிறகு மெஷினில் மிச்சமிருப்பதையும் பிரித்துக்கொள்ளட்டும், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

நன்றாக இரு, ஒரு குறையும் இல்லாமல் இரு. காதைத் துணியால் சுற்றிக்கொண்டு வெளியே போ. கடிதம் கிடைத்த அன்றே போன் செய்.

இப்படிக்கு,
பால்வீதியைத் துவைத்துக் காயப்போட்ட
உன் அம்மா