மணல் மூட்டைக்கு ஒரு டயர்

பேச மாட்டே, சரி. இதையாவது படி. சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், உப்பு கொஞ்சம் தூக்கல். சாவி உன் செருப்புக்குள்ள.

நேத்து மோட்டார் சைக்கிளை டயர் மாத்தக் கொண்டு போனேன். சைடுகார் சக்கரத்தோட சேர்த்து மூணும் மொட்டை. சைடுகார்ல நீ உக்கார்ற இடத்துல மணல் மூட்டை இருக்கறதை டயர்க்காரர் பார்த்துட்டார். காலியா ஓட்டினா திருப்பத்துல அந்தப் பக்கம் தூக்கிடுது, வேற என்ன செய்ய?

"மூட்டைக்குன்னா மட்டமான டயரே போதும். ஆள் உக்காரணும்னா நல்லதாப் போடணும். எது வேணும்?"னு கேட்டார். அப்புறம் வந்து சொல்றேன்னுட்டு வந்துட்டேன்.

உன் அக்கா வீட்டு வாசல்ல, "இவ இறங்கினாத்தான் வண்டி மூச்சு விடும்"னு வேடிக்கைக்குச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சுட்டு ஏறியிருக்கலாம். அதுக்குப் போய் இத்தனை நாளா பஸ்ஸா?

துவைச்ச துணி மாடியில கிடக்கு, எடுத்துடு.

இடம் இல்ல, ஓரத்துல எழுதறேன். மூட்டையை இறக்கி வச்சுட்டேன். நீ வேலைக்குக் கிளம்பற நேரத்துக்கு பஸ் நிறுத்தத்துல வண்டியோட நிப்பேன். நீ பஸ்லதான் ஏறுவே, தெரியும். நீ ஏறினதும் டயர்க்காரர்கிட்ட போய் மூட்டைக்குன்னே சொல்லிடறேன்.