லாபிருக்கு எழுதிய சொல்

அன்பின் ஜெய்னம்பு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா?

பள்ளிவாசல்துறை மீனவர் சங்கத்தில் எழுத்து வேலை பழகிவிட்டது. ஒரு சிறு விஷயம், பயப்பட வேண்டாம். சங்கத்து மீனவன் லாபிரின் படகு மூன்று நாளாகக் கரை திரும்பவில்லை. கப்பல்களுக்கு ஆங்கிலத்தில் அறிவித்தல் எழுதினேன். மிஸ்ஸிங் என்று தொடங்கியதும் தலைவர் நளீம், “லொஸ்ட் எண்டு போடுங்க சேர், ரெண்டும் ஒண்டுதானே” என்றார்.

லொஸ்ட் என்றால் கடலோடு போனவன். மிஸ்ஸிங் என்றால் இன்னும் தேடவேண்டியவன். அப்படித்தான் படித்த ஞாபகம்.

வாசலில் லாபிரின் மனைவி நிஸ்ரின் நின்றாள். “புருஷன் செத்தவள் மாதிரி இப்பவே வெள்ள உடுத்து இத்தா இருக்கச் சொல்றாங்க ஊர்ல, சேர். நீங்க என்ன எழுதினீங்க?”

மிஸ்ஸிங் என்று எழுதியிருந்த தாளைக் காட்டினேன். சொல்லை மாற்றவில்லை.

அலுமாரியிலுள்ள அகராதியை பஸ்ஸில் அனுப்பும். நான் எழுதியது சரிதானா என்று பார்க்க வேண்டும். நிஸ்ரின் இன்னும் பூச்சேலைதான் உடுத்திருக்கிறாள்.

கடலில் ஏதோ தெரிகிறதென்று ஆட்கள் கரைக்கு ஓடுகிறார்கள். நிறுத்துகிறேன்.

உமது,
நூஹு