ஒரே தட்டில் இரண்டு மீன்

கண்ணம்மா,

ஆய்வகத்தில் என் மானம் கப்பலேறிவிட்டது. ஒரே இனம்தான் என்று அடித்துச் சொல்லி நான் ஒரே தட்டில் வைத்த இரண்டு சங்கரா மீன்களும் வெவ்வேறு இனமாம். நிறம், செதில், வால் எதிலும் வித்தியாசமில்லை. துடுப்பில் துளி வெட்டி மரபணுவைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. "கண்ணாடிய மாத்துங்க சார்" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இரண்டும் ஒரே கூட்டமாக நீந்தி ஒரே வலையில் வந்தவை. அந்த மீன்களுக்கே தெரிந்திருக்காது.

உன்னைப் பெற்றவரை முதல்முறையாகப் பார்க்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். போய் வா. நல்ல சட்டையாகப் போட்டுக்கொள். உன் மூக்கு அவருடையதாகத்தான் இருக்கும், அதை வந்து என்னிடம் சொல்லவேண்டாம். மூன்று வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தபோதே அந்த மூக்கோடுதான் வந்தாய்.

தெருவே திரும்பிப் பார்க்கிற தும்மல் மட்டும் பிறகு வந்தது. "அப்படியே அப்பா மாதிரியே தும்முது பாருங்க" என்று போட்டோ கடைக்காரர் சொன்னபோது நாம் இருவரும் வாயைத் திறக்கவில்லை, ஞாபகமிருக்கிறதா?

அவரிடம் மரியாதையாகப் பேசு. தும்மல் வந்தால் மட்டும் அடக்கிக்கொள்ளாதே.

உன்
அப்பா