ஓபரா வரிசையில் இரண்டு பெயர்கள்

மிலான்,
14 ஜனவரி 2016

மதிப்பிற்குரிய திருமதி வாண்டா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உறைமேல் இருந்த எழுத்தைப் பார்த்ததுமே ஆள் தெரிந்துவிட்டது. ஐம்பது வருஷத்தில் அந்த எழுத்து ஒரு பக்கமும் சாயவில்லை. அந்த அழகுக்காகத்தானே அன்று டிக்கெட் வரிசையின் பெயர்ப் பட்டியலை உங்கள் கையில் கொடுத்தார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இஸ்திரி போட்டுப் பிழைத்தவள். எழுத்தில் பிழை இருக்கும். ஞாபகத்தில் இருக்காது. 1966, பிப்ரவரி 19, சனிக்கிழமை. பெரிய தியேட்டரின் மேல்மாடிக் கேலரி டிக்கெட்டுக்கு நாம் இருவரும் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றோம். நடுவில் யாரும் வேலைக்குப் போய்வரலாம். ஆனால் ஏழு மணி, பன்னிரண்டு, நான்கு என்று மூன்று தடவை பேர் கூப்பிடுவார்கள். அப்போது "இருக்கேன்" என்று குரல் கொடுக்காவிட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். நான் சட்டைகளைக் கொடுத்துவிட்டு வரப் போனேன். சலவைக்கடை முதலாளியம்மா, கடவுள் அவளை எங்கே வைத்திருக்கிறாரோ, காலர் சரியில்லை என்று நாலு சட்டைக்கு மறுபடி இஸ்திரி போட வைத்தாள். நான் ஓடி வந்து சேர்ந்தபோது நான்கு மணி பதினொரு நிமிஷம். என் பெயரை நீங்கள் அடித்திருந்தீர்கள்.

அடித்ததுகூடப் போகட்டும். ஸ்கேல் வைத்து அடித்திருந்தீர்கள். பதற்றத்தில் ஒரு கிறுக்கு கிறுக்கியிருந்தால் அடுத்த வாரமே மன்னித்திருப்பேன். பிறகு நீங்கள் மாடி ஏறினீர்கள். நான் டிராம் ஏறினேன்.

இப்போது புருஷனும் போய், மோன்ஸாவில் மகன் வீட்டில் இருப்பதாகவும், பெரிய தியேட்டர் விலை எட்டவில்லை என்றும், மாணவர்களும் சின்னக் குழுக்களும் பாடும் இடங்கள் எனக்குத்தான் தெரியும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தெரியும். பாட்டு கேட்க ஆசைப்படுகிறவருக்கு வழி சொல்லாமல் இருப்பது பாவம் என்பதால் சொல்கிறேன். ஒரு நிபந்தனை: அந்தச் சனிக்கிழமை மேலே என்ன கேட்டீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாது.

இந்த மாதம் 24, ஞாயிறு, மாலை நான்கு மணி. ரயில்வே ஊழியர் மன்றத்தின் கூடம். ஆறு பேர் குழு, ஒரு பியானோ. வாசலில் உங்களால் முடிந்ததைப் போட்டால் போதும். இடதுபக்கம், மூன்றாம் வரிசையில் உட்காருங்கள். நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
பியேரா


மோன்ஸா,
27 ஜனவரி 2016

அன்புள்ள பியேரா,

"நீங்கள்" என்று கூப்பிட்டே என்னைக் கொன்றுவிட்டாய். ஒரே சாக்லேட்டைக் கடித்துப் பாதிப் பாதி தின்றவர்கள் நாம்.

இடதுபக்கம், மூன்றாம் வரிசை. அங்கே என் மருமகளின் இடுப்பைவிடப் பெரிய தூண் ஒன்று நிற்கிறது. இரண்டு மணி நேரமும் நாயகனின் வலது கையை மட்டும் பார்த்தேன். நல்ல கை. காதலைச் சொன்னதும் அதுதான், கத்தியை எடுத்ததும் அதுதான்.

சிரித்திருப்பாய். சிரி. எனக்குக் கோபமே இல்லை. வாசலில் காசு வாங்கிய பெண்ணே உள்ளே போய் நாயகியாகச் செத்தாள். இடைவேளையில் அவளே காப்பி ஊற்றினாள். "என்னம்மா, இப்பத்தானே செத்துப் போன?" என்று கேட்டேன். "ரெண்டாவது பாகத்துலயும் சாகணும் பாட்டி. சக்கரை ஒண்ணா, ரெண்டா?" என்றாள். பியானோதான் பாவம், பழசு. வலதுகோடிக் கட்டைகளில் சத்தமே வரவில்லை.

எல்லா வரிசையிலும் உன் தொப்பியைத் தேடினேன். இன்னும் அந்தப் பச்சைத் தொப்பிதானா?

இன்னொரு இடம் சொல். தூண் இருந்தாலும் சரி.

உன்,
வாண்டா


மிலான்,
4 பிப்ரவரி 2016

வாண்டா,

சிரித்தேன். பேத்தி லவீனியா பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். பச்சைத் தொப்பியைப் பூச்சி தின்று இருபது வருஷமாகிறது.

நேற்று தொண்டைப் புனிதரின் நாள். தொண்டைக்கு நோய் வராமலிருக்கக் கிறிஸ்துமஸ் கேக்கில் எடுத்துவைத்த கடைசித் துண்டைத் தின்றாயா? உன் மருமகள் எடுத்துவைத்திருக்க மாட்டாள் என்று நினைத்து ஒரு துண்டு இதனுடன் அனுப்பியிருக்கிறேன். கல்லாகக் காய்ந்திருக்கும். பாலில் நனைத்துத் தின்னு.

இடம் கேட்டாய். நீயாகத் தேடவும் கற்றுக்கொள்; நான் எத்தனை நாள் இருப்பேன்? இசைக் கல்லூரி வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கும். அதை நம்பாதே, பாதி நாள் போன மாதத்துக் காகிதம்தான் தொங்கும். வாசல்காரர் ஒஸ்வால்தோவைக் கேள். "என்ன இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். "யாருக்குப் பரீட்சை?" என்று கேள், எல்லாம் கொட்டுவார். பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளைகள் முழு ஓபராவையும் ஆட்கள் முன்னால் பாடிப் பார்ப்பார்கள். காசே கிடையாது. பின்தெருவில் நகல் எடுக்கும் கடை இருக்கிறது. சின்னக் குழுக்கள் சுவரொட்டி அடிப்பது அங்கேதான். கடைக்காரி குப்பையில் போடும் கோணல் பிரதிகளைப் பார்த்தாலே ஒரு மாதத்து நிகழ்ச்சி தெரிந்துவிடும். முதியோர் இல்லங்களையும் விடாதே. புதுக் குழுக்கள் முதலில் அங்கேதான் பாடிப் பழகும். உள்ளே யாரையாவது பார்க்க வந்தவள்போலப் போ. நம் வயசுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஜாக்கிரதை, கிளம்பும்போது உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும். மாணவர் குரல் உடைந்தால் கேலியாக விசில் அடிக்கக்கூடாது. பெரிய தியேட்டரில் நாம் அடித்தது வேறு. இங்கே குரல் உடைந்தால் தலையைக் குனிந்து உன் கைக்குட்டையைப் பார்.

26-ஆம் தேதி மாலை ஐந்து மணி, கல்லூரிச் சின்னக் கூடம். வாத்தியக்காரர்களும் உண்டு. இடதுபக்கம் முதல் வரிசை. தூண் கிடையாது, என் பேத்திமேல் சத்தியம். அன்று எனக்குப் பல் வைத்தியர்.

பியேரா


மோன்ஸா,
29 பிப்ரவரி 2016

என் பியேரா,

கேக் துண்டு பாலில் நனையவில்லை, சூப்பில் நனைந்தது. தின்றேன்.

தூண் இல்லை. நன்றி. ஒஸ்வால்தோவிடம் நீ சொன்னபடியே கேட்டேன். "இந்தக் கேள்விய உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?" என்று முறைத்தார். "பியேரா" என்றேன். "அந்தம்மாவா? முதல்லயே சொல்லக்கூடாதா? உள்ள போங்க, உள்ள போங்க" என்று நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். உன் பெயர் நுழைவுச்சீட்டாக இருக்கிறது.

நாயகிக்குப் பத்தொன்பது வயசு. உடம்பு முழுக்க நடுங்கினாள். மூன்றாம் பாகத்தில் தோட்டத்தில் தனியாக நின்று பாடும்போது அவளோடு புல்லாங்குழல் சேர்ந்துவர வேண்டுமே, அது இல்லை. ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் துணையே இல்லாமல் தனியாகப் பாடி முடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பல் எப்படி இருக்கிறது? எப்போது ஒரு தடவையாவது பக்கத்தில் உட்காருவாய்?

வாண்டா


மிலான்,
4 மார்ச் 2016

வாண்டா,

எனக்குப் பல்லே கிடையாது. அதை விடு.

நேற்று ஒஸ்வால்தோவிடம், "ஒரு புல்லாங்குழல்காரருக்கா உங்க கல்லூரியில பஞ்சம்?" என்று கேட்டேன். மனுஷனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "வாசிச்சது என் தங்கச்சி மக! ஜனமே எந்திரிச்சு நின்னு கை தட்டிச்சு! உங்க சிநேகிதி தூங்கிட்டாங்களா?" என்றார்.

நீ தூங்குகிறவள் இல்லை. கேலரியின் கடைசி வரிசையிலிருந்து, மூன்றாம் கொம்புக்காரன் சுருதி தப்பியதைச் சொன்னவள் நீ. ரயில்வே மன்றத்துப் பியானோவை நான் போன ஆண்டு கேட்டேன். வலதுகோடிக் கட்டைகள் மணிபோல ஒலிக்கும்.

உன் காதுக்கு என்னடி ஆச்சு? மறைக்காமல் எழுது.

பியேரா


மோன்ஸா,
8 மார்ச் 2016

பியேரா,

உன்னிடம் எதையும் மறைக்க முடியாது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

வலது காது மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. இடது காதில் கீச்சுச் சத்தங்கள் முதலில் போயின: பறவை, மணி, இப்போது புல்லாங்குழலும். மிச்சம் கேட்பது அடுத்த குளிர்காலம்வரைதான் என்கிறார் வைத்தியர். கருவி கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் பேச்சு புரிகிறது. பாட்டு தகரத்தில் ஆணி உருள்வதுபோல வருகிறது. அதனால் பாட்டு கேட்கப் போகும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். நீ இடதுபக்கம் உட்காரச் சொன்னபோது மேடை என் செத்த காதுப் பக்கம் விழுந்தது. உனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டாய்.

உன் பெயர்மேல் போட்ட கோட்டைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அன்று காலை, குரல் கொடுக்காத தன் தம்பியின் பெயரையே அடிக்கச் சொன்ன மனிதர் என் பக்கத்தில் நின்றார். உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன். நான்காவது தடவை கூப்பிட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். கை நடுங்கியது. ஸ்கேல் அதனால்தான் வைத்தேன்.

இன்னும் கேட்கிற காது ஒன்று இருக்கும்போது, முழு ஓபரா ஒன்றை உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் உனக்குக் கடிதம் எழுதியது அதற்குத்தான்.

மகளிர் தினத்துக்கு மஞ்சள் மிமோசாப் பூ ஒரு கொத்து வைத்திருக்கிறேன். உதிர்ந்துதான் வந்து சேரும்.

வாண்டா


மிலான்,
2 மே 2016

அடி வாண்டா,

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் திட்டு வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தொண்டைக்கு ஒரு புனிதரை வைத்தவர்கள் காதுக்கு வைக்கவில்லையே.

27 மே, வெள்ளிக்கிழமை. கல்லூரியின் பெரிய பிள்ளைகள், முழு வாத்தியக் குழு, முழு ஓபரா, இலவசம். நூற்றிருபது இருக்கை. ஊரே வரும். அதனால் வரிசையில் பட்டியல் உண்டு, பட்டியல் என் கையில். எழுத்து கோழிக் கிறுக்கல்தான், ஆனால் எனக்கு முகம் மறக்காது என்று என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். காலையிலேயே உன் பெயரை எழுதிவிடுவேன். மாலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிடும்போது நீ வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். யாருக்கும் சலுகை கிடையாது, உனக்கும்தான்.

வலதுகோடியில் உட்காருவோம். மேடை உன் நல்ல காதுப் பக்கம் இருக்கும். நான் உன் செத்த காதுப் பக்கம்.

பியேரா


மிலான்,
28 மே 2016

என் வாண்டா,

நேற்று நீ மூச்சு வாங்க ஓடி வந்தாய். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வதற்கு வேறு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. வந்ததும் பாட்டு தொடங்கிவிட்டது. முடிந்ததும் உன் மகன் காரோடு நின்றான். பேச நேரமில்லை. உன் பெயர் எப்படிப் பட்டியலில் இருந்தது என்று நீ கேட்கவும் இல்லை.

ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். "வாண்டா." இரண்டாவது தடவை கூப்பிட்டேன். டிராம் வரும் பக்கம் பார்த்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டேன். பேனா கையில் இருந்தது. கை எப்படி நடுங்கும் என்று தெரிந்துகொண்டேன்.

"இருக்கேன்" என்று நானே சொன்னேன்.

எனக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் சும்மா விடுவாரா? "அந்தம்மா எங்க? என் கண்ணுக்குத் தெரியலையே" என்றார். "கழிப்பறைக்குப் போயிருக்கா. எழுபத்தி மூணு வயசு. சந்தேகம்னா நீங்களே போய்க் கதவைத் தட்டிக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவர் தட்டப் போகவில்லை. நீ வந்தது ஆறு இருபத்தைந்துக்கு. நான் அன்று தாமதமானதைவிடப் பதினான்கு நிமிஷம் அதிகம். இதையும் மறக்க மாட்டேன்.

ஆனால் நூற்று இருபத்தோராவது ஆள் ஒருத்தி இருந்தாள். சிவப்புக் குடை வைத்திருந்த பெண், முப்பது வயசு இருக்கும். "இடம் இல்லம்மா" என்றேன். "பரவாயில்லைங்க" என்றாள். டிராம் நிறுத்தத்துக்குப் போகும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1966-இல் நீ கோடு போடாமல் விட்டிருந்தால் வேறொருத்தி இப்படித்தான் போயிருப்பாள். இத்தனை வருஷமும் டிராம் ஏறியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கோடு போட்டாய், நான் பொய் சொன்னேன். எது பெரிய தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி நின்றாலும் பொய்தான் சொல்வேன்.

மூன்றாம் பாகத்தில் புல்லாங்குழல் வந்தபோது உன் முழங்கையில் என் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேனே, அது குழலின் சுரம். நீ தலையை ஆட்டினாய். அதற்கு நடுவில் உன் செத்த காதில் ஒன்று சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை. கேட்காத காதாகப் பார்த்துத்தான் சொன்னேன். அதை எழுத மாட்டேன்.

ஜூன் 12 முதியோர் இல்லத்தில் ஒரு புதுக் குழு. ஜூலையில் ஒரு மடத்து முற்றத்தில் இன்னொன்று. குளிர்காலம் வருவதற்குள் பதினோரு இடம் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் வலதுகோடி.

முன்பு ஒரு நிபந்தனை போட்டேன். அதை அடித்துவிடு, ஸ்கேல் இல்லாமல். அன்று மேலே நீ கேட்டதை எனக்கு எழுது. விளக்கு அணைந்ததிலிருந்து ஒன்றும் விடாமல் எழுது. உன் காதில் இல்லாமல் போனாலும் தலைக்குள் இருக்கும். அதை இரண்டு பேரிடம் வைத்திருப்பது நல்லது. எனக்கு மறக்காது என்பது உனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று சொல்: என் இடத்தில் யாரடி உட்கார்ந்தது?

இருக்கேன்,
பியேரா