பஸ் ஜன்னலில் மாப்பிள்ளை

1961, ஆனி 3
காலையிலேயே வெயில். இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். மருமகன் சொக்கு கரித்துண்டால் சுவரில் மாடு போட்டபோதே, "இவன் மெட்ராஸை ஆட்டிவைப்பான்" என்றேன். அவன் அம்மா, என் தங்கச்சி வள்ளி சிரித்தாள். இப்போது? மெட்ராஸில் படம் வரையப் படித்து முடித்து வந்திருக்கிறான். சாமி படம் கிடையாது. சந்தை, அடுப்படி, பேன் பார்க்கும் பொம்பளைகள். இப்படித்தான் போடுவான் என்றும் சொன்னேன்.

இப்போது பெரிய துணியில் அவன் அப்பா. இவன் கைக்குழந்தையாக இருந்தபோது பர்மா போன மாப்பிள்ளை. ஜப்பான்காரன் சண்டைக்கப்புறம் கடுதாசி இல்லை, ஆளும் இல்லை. பொன்னமராவதியில் பஸ் ஏற்றிவிட்டவன் நான் ஒருத்தன்தான். ஆகவே நான் சொல்ல, அவன் போட.

ஆனி 4
வாங்க வேண்டியது: சாயம் கரைக்க டர்பன்டைன், எனக்கு மூக்குப்பொடி.
சொக்கு ஒரே கேள்வி. எந்த ஜன்னல்? எந்தக் கை? வைர மோதிரம் மின்னியதைச் சொன்னேன்.
"நேத்து மோதிரமே இல்லைன்னீங்க மாமா."
"அப்புறம் வாங்கிருப்பாருடா."
"பஸ்ஸுக்குள்ளயா?"
படத்தின் ஓரத்தில் நானும் உண்டு. முதுகு மட்டும். முகம் போட்டால் ஜனம் என்னையே பார்க்கும் என்று அவனுக்குப் பயம்.

ஆனி 6
மூட்டம். மழை இல்லை. படத்தில் மாப்பிள்ளையின் வாய் மட்டும் அமையவில்லை. மூன்று தடவை சுரண்டிவிட்டான்.
"அப்பா 'வந்துருவேன், வள்ளிகிட்டச் சொல்லு'ன்னப்ப வாய் எப்படி இருந்துச்சு?"
நடித்துக் காட்டினேன்.
"இது நீங்க மாமா. எனக்கு அப்பா வேணும்."
திமிர்.

ஆனி 7
மாப்பிள்ளையின் அக்கா வந்தாள். வரும்போதே வாய்.
"இருவது வருசமாச்சு. இன்னும் என்னத்துக்குடி ஒனக்குப் பொட்டு? காரியத்த முடிச்சுட்டுத் தாலியக் கழட்டு."
வள்ளி முறத்திலிருந்து நிமிரவில்லை. "வந்துருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. எங்கண்ணன் கேட்டிருக்காக."
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
"ஆமாங்க. பஸ் நகந்த பெறகும் கத்திச் சொன்னாரு" என்றேன்.
கத்தியது இன்றைக்குச் சேர்த்தது. வள்ளியின் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனி 8
வள்ளி குளித்து, நல்ல சேலை கட்டி, படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். படத்தில் இன்னும் வாயில்லாத முகம்.
"சரியாப் போடுய்யா. என்னைய இத்தன வருசம் உசுரோட வச்சிருக்குற வாயிய்யா அது."
சொக்கு தூரிகையோடு என்னையே பார்த்தான். வெற்றிலை வாங்கக் கிளம்பிவிட்டேன். கடைவரை போய், வாங்காமல் திரும்பினேன்.

மாப்பிள்ளை பஸ் ஏறியது நிஜம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நிஜம். பக்கத்து சீட்டுக்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டே போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் அழுதுகொண்டிருந்தவளிடம் வெறுங்கையோடு போக முடியாமல், வழியில் நான் இட்டுக்கட்டியதுதான் அந்த 'வந்துருவேன்'.