கருகல் என்று எழுதிக் கொடுத்த டீ

மார்ச் 3

என் செல்ல வாலுக்கு,

காய்ச்சல் விட்டு மூணு வாரமாச்சு. மூக்கு மட்டும் செத்தே கிடக்கு. டீ ருசி பார்த்துப் பிழைக்கிறவனுக்கு மூக்கு போனா என்ன மிச்சம், சொல்லு? ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. இந்த நேரம் பார்த்து, வாங்கலாமா வேண்டாமான்னு ருசி பார்த்து எழுதித் தரச் சொல்லி முதலாளி புதுச் சரக்கு ஒண்ணு தந்திருக்கார். சீன ஊலாங் டீ, பழைய முறைப்படி கரி அனல்ல வறுத்ததாம். ஜென்மத்துல நான் குடிச்சதில்லை. பாதியை அனுப்பறேன். குடிச்சுப் பார்த்து ஒளிக்காம எழுது. அம்மாகிட்ட மூச்சு விடாதே.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

இவ்வளவு நாள் மறைச்சுட்டியே, பாவி! ஹாஸ்டல் சமையல் முடிஞ்சதும் உன் டீயைப் போட்டேன். அய்யய்யோ! அடிபிடிச்ச பாத்திரம் கழுவின தண்ணி தோத்துது. ஒரே கருகல். உன் முதலாளி தலையில எவனோ நல்லா கட்டிட்டான்.

உன் வாலு

மார்ச் 11

அண்ணா, அவசரம். முந்தின கடிதத்தை நம்பாதே! நூறு பேருக்கு டீ போடற கை, பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டுட்டேன். இன்னிக்கு வெந்நீர் ஊத்தி உடனே வடிச்சேன். முதல்ல வறுத்த கடலை வாசம். விழுங்கினப்புறம் தொண்டையில தேன் மாதிரி இனிப்பு, நல்லா பழுத்த பழத்தோட மணம். காலிக் கோப்பையை மோந்துகிட்டே நின்னேன், பைத்தியக்காரி மாதிரி.

வாலு

மார்ச் 16

வாலு,

உன் ரெண்டாவது கடிதம் ஒரு நாள் பிந்திடுச்சு. 'கருகல், வேண்டாம்'னு எழுதிக் கொடுத்துட்டேன். முதலாளி தானே குடிச்சுப் பார்த்தார், அவருக்குக் கருகலே தெரியல. அப்புறம் என் முன்னால ரெண்டு கோப்பை வச்சு, பன்னீர் கலந்தது எதுன்னு கேட்டார். அறை முழுக்க மணத்ததாம். நான் ரெண்டையும் மாத்தி மாத்தி மோந்துகிட்டு நின்னேன். வேலை போச்சு. டாக்டரும் கையை விரிச்சுட்டார். உன் தப்பு இல்லடி, கொதிக்க விடாதேன்னு நான்தான் சொல்லியிருக்கணும்.

ஒண்ணே ஒண்ணு. அந்த டீயை இன்னொரு தடவை போட்டு, எப்படி மணக்குதுன்னு எழுது. யாருக்கும் காட்ட இல்ல. எனக்கு.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

அழுது அழுது கண்ணு வீங்கிப்போச்சு. மிச்சம் ஒரு சிட்டிகைதான் இருந்தது. மூடி வைக்கத் தெரியாம வச்சிருக்கேன், சமையல்கட்டு ஆவியில நமத்துப்போச்சு. வெந்நீர் ஊத்திப் பார்த்தேன். ஒரு மணமும் இல்ல. தேன், பழம்னு ஏதாவது எழுதிடலாம்னு ரெண்டு நாளா பேனாவோட உட்கார்ந்திருக்கேன். பொய் எழுதினாலும் உன்னால கண்டுபிடிக்க முடியாது. அதான் அண்ணா, கை வரமாட்டேங்குது.

உன் தங்கச்சி